சிதைத்தலும் கவர்தலும்: எண்ணூர்க் கழிமுக நீர் பற்றிய சொல்லாய்வு

நீரில் கலந்த நச்சுப்பொருள்களைச் சிதைக்கும் நானோ கூட்டு வினையூக்கிகளைத் தமிழில் விளக்கப் புகுவார், அவற்றை 'நச்சுநீக்கி' என எளிதிற் பெயரிட்டுவிடக்கூடும். அப்பெயர் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

'வினையூக்கி' என்பது நல்ல சொல். பிற பொருள்களின் வினையை விரைவுபடுத்தித் தான் அதன்கண் செலவாகாது நிற்பது அது. டைட்டானியம் டை ஆக்சைடு இதற்குச் சிறந்த சான்று. ஒளிபட்ட இப்பொருள் நீரையே பிளக்கும் என 1972இல் புஜிஷிமா, ஹோண்டா என்னும் சப்பானிய அறிஞர் காட்டினர். நீரிலுள்ள சயனைடையும் அது மாற்றும் என 1977இல் ஃபிராங்க், பார்டு ஆகியோர் காட்டினர். ஒளி படுங்கால் அதனுள் எலக்ட்ரான் மேலெழ, அது நீங்கிய இடம் துளையாய் நிற்கும். அத்துளை நீரினின்று ஹைட்ராக்சில் தனியுறுப்பைத் தோற்றுவிக்கும். சாயம், பீனால் முதலிய கரிமச் சேர்மங்களைத் தாக்குவது இவ்வுறுப்பே. வினை முற்றுமாயின் அவை பெரும்பாலும் கரியமிலவாயுவும் நீருமாகும்.

ஆயின் இதற்கு வேண்டுவது புறஊதாக் கதிர். ஞாயிற்றொளியில் அது ஏறத்தாழ நூற்றில் 5 பங்கே. இக்குறையை நிரப்பவே வெள்ளி, கிராபீன் முதலியவற்றை நானோ அளவில், அஃதாவது மீட்டரின் நூறுகோடியில் ஒரு கூற்றை அலகாகக் கொண்ட அளவில், அதனோடு இணைக்கின்றனர். காந்த இரும்பு ஆக்சைடைச் சேர்ப்பின், பயன்பட்ட துகளைக் காந்தத்தால் மீட்கவும் கூடும். இதனைக் 'கலவை' என்னாது 'கூட்டு' என்றலே தகும். கலவை எனின் உறுப்புகளின் இயைபு தோன்றாது.

இனி எண்ணூரை நோக்குவாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியினின்று எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றுக் கழிமுகத்தை அடைந்தது. வலையும் படகும் கறுத்தன. எண்ணெய் கரிமச் சேர்மங்களின் தொகுதி. ஆதலிற் சிதைத்தற்கு உரியதே. எனினும் தடித்த படலம் ஒளியை மறைக்குமாதலின், முதற்கண் அள்ளியெடுத்தலே செயற்பாலது. அப்பணியை மீனவர் வாளியும் குவளையும் கொண்டு செய்ய நேர்ந்தமை வேறு கதை.

அதே ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பற்குழம்பும் பல்லாண்டுகளாக விழுந்துள்ளது. நிலக்கரிச் சாம்பலில் ஈயம், பாதரசம், ஆர்செனிக்கு முதலியன உள. இவை தனிமங்கள், தனிமத்தை எவ்வினையூக்கியும் சிதைக்கமாட்டாது. ஆறிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிறமாக்கி அதன் நச்சைக் குறைத்தல் கூடுமெனினும், ஆங்கும் உலோகம் அழிவதில்லை. இத்தகையவற்றைத் துகளின் பரப்பிற் கவர்ந்து வெளியேற்றுதல் வேண்டும். வெளியேற்றியதைக் காத்து வைக்க இடமும் வேண்டும்.

ஆகவே முன்னதைச் 'சிதைத்தல்' என்றும் பின்னதைப் 'பரப்புக்கவர்தல்' என்றும் வேறுபடுத்தி வழங்குதலே முறை. இரண்டையும் 'நச்சுநீக்கி' என்னும் ஒரு சொல்லுள் அடக்கின், எண்ணெய்க்குத் தூவிய துகள் சாம்பலின் நஞ்சையும் போக்கிற்று என, அக்கழிமுகச் சேற்றில் கையால் இறால் பிடிப்போர் கருத நேரும்.