ஏலப்பாறையில் ஒரு தமிழ் டிவிஷன்

கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் என்றால் நம்மவர்க்கு உடனே நினைவுக்கு வருபவை சித்தூர்ப் பகுதியும் மூணாறும்தான். பீர்மேட்டு மலையில் ஏலப்பாறை என்றோர் ஊர் இருக்கிறது. அங்கும் பிள்ளைகள் தமிழில் கணக்குப் போட்டார்கள், தமிழில் வேதியியல் படித்தார்கள் என்று நான் சொன்னால், சங்கத்து அன்பர்களிலேயே பலர் புருவத்தை உயர்த்துகிறார்கள். 1988 முதல் 1991 வரை எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அங்கே படித்தவன் என்ற உரிமையில் சில நினைவுகளை இங்கே எழுதுகிறேன்.

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகும் சாலையில், வாகமண்ணுக்கு வழி பிரியும் இடத்தில் உள்ளது ஏலப்பாறை. பெயரில் ஏலம் இருந்தாலும், கண்ணுக்கு எட்டியவரை தேயிலைதான். 1860களில் ஹென்றி பேக்கர் என்ற பாதிரியார் போன்றோர் இம்மலைகளில் முதலில் காப்பி பயிரிட்டார்கள். இலைநோய் வந்து காப்பி அழிந்த பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆள் வேண்டும். கங்காணிமார் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து நம் முன்னோரை அழைத்து வந்தார்கள். 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது பீர்மேடும் தேவிகுளமும் யாருக்கு என்று பெரிய வாதம் நடந்து, இரண்டும் கேரளத்திலேயே நின்றன. அதுவரை கோட்டயம் மாவட்டத்தில் இருந்த பீர்மேடு, 1972 ஜனவரி 26 முதல் இடுக்கி மாவட்டமாயிற்று. தோட்டத்து மக்களுக்கு இதனால் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. சங்கு ஊதினால் மலை ஏற வேண்டும், அவ்வளவே. ஆனால் பிள்ளைகளுக்கு இருந்தது. பாடத்திட்டம் கேரளத்துடையது, வீட்டு மொழி தமிழ். ஆகவே எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒரே கூரையின் கீழ் மலையாள டிவிஷன்களும், கடைசியில் ஒரே ஒரு தமிழ் டிவிஷனும் இருந்தன.

கேரளத்தில் பள்ளி திறப்பதும் இடவப்பாதி மழை பிடிப்பதும் ஜூன் முதல் வாரத்தில்தான். எங்கள் லயத்திலிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டருக்குக் குறையாது. தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. மூடுபனியில் முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. குடை இருந்தவர்கள் சிலர். மற்றவர்கள் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்வோம். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் உப்பு இருக்கும், அட்டைக்கு. வகுப்பில் உட்கார்ந்து அரை மணி நேரம் கழித்துக் காலில் இரத்தம் வழிவதைக் கண்டால்தான், ஓர் அட்டை நமக்குத் தெரியாமல் வயிறு நிறைத்துக்கொண்டு போய்விட்டது என்று புரியும். கோழிக்கானம், ஹெலிபெரியா, சீந்தலாறு என்று வெவ்வேறு திசைகளிலிருந்து வருகிறவர்களில் பஸ் வசதி உள்ளவர்கள் ‘எஸ்.டி.’ டிக்கெட்டில் வருவார்கள். மாணவர் சலுகை டிக்கெட்டுக்குக் கேரளத்தில் அதுதான் பெயர். எஸ்.டி.க் கூட்டத்தைக் கண்டால் பஸ்ஸை ஐம்பது அடி தள்ளி நிறுத்துவது அக்காலத்தில் எழுதப்படாத விதி. நாங்கள் ஓடப் பழகியது விளையாட்டுத் திடலில் அல்ல.

இனி தலைக்கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் எங்கள் பள்ளியைப் பற்றி எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம்.

கேரளத்தில் ஒரு வகுப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பிள்ளைகள் இருந்தால்தான் டிவிஷன் நிலைக்கும். டிவிஷன் நிலைத்தால்தான் ஆசிரியர் பணியிடம் நிலைக்கும். பள்ளி திறந்த பிறகு இதற்கென ஒரு கணக்கெடுப்பு உண்டு. இப்போது அது ஆறாவது வேலை நாளில் நடக்கிறது. மலையாள டிவிஷனில் ஒன்று குறைந்தால் நான்கு மூன்றாகும், அவ்வளவுதான். எங்களுடையது ஒன்றே ஒன்று. அது போனால் பிறகு தமிழே இல்லை. அதனால் எங்கள் தமிழாசிரியர் மே மாதக் கடைசியிலேயே கையில் ஒரு பட்டியலோடு லயம் லயமாக ஏறத் தொடங்கிவிடுவார். ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் யார், யார் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை, யார் மாடு மேய்க்கிறார்கள் எல்லாம் அவருக்கு அத்துபடி.

“ஏம்மா, பையனை எட்டுல சேத்துட்டு ஏன் அனுப்பல?”

“அவனுக்குக் கம்பளிச் சட்டை இல்லீங்க சார். மழை விடட்டும், அனுப்புறேன்.”

“மழை எப்பம்மா விடும்? ஓணத்துக்குத்தான் விடும். அதுக்குள்ள கணக்கெடுத்துட்டுப் போயிருவாங்க. நாளைக்கு அனுப்புங்க, சட்டைக்கு நான் வழி பண்றேன்.”

அப்படி வழி பண்ணப்பட்ட சட்டைகளில் ஒன்று என் தோளிலும் இருந்தது. கணக்கெடுப்பு நாளன்று காய்ச்சலில் கிடந்த ஒருவனைப் போர்வையோடு ஜீப்பில் கொண்டுவந்து உட்கார வைத்ததை என் கண்ணால் கண்டேன். வந்த அதிகாரி எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டுப் போனார். அன்று மதியம் ஆசிரியர் எங்களுக்குப் பரிப்புவடை வாங்கித் தந்தார். ஒரு மொழி பிழைத்துக் கிடப்பது காவியங்களால் மட்டுமல்ல, இப்படிப்பட்ட வருகைப் பதிவேட்டாலும்தான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை, வடை விளங்கிற்று.

மொழிக் குழப்பங்கள் நிறைய. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர். எங்களில் ஒருவன் அறிவியல் தேர்வில் ‘வெள்ளத்தின் கொதிநிலை 100 டிகிரி’ என்று எழுதிவிட்டான். விடைத்தாளில் ஆசிரியர், ‘அவ்வளவு வெள்ளத்தைக் கொதிக்க வைக்க விறகு ஏது?’ என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார். மறுபக்கம், ‘பட்டி’ என்றால் மலையாளத்தில் நாய். கூட்டு வகுப்பில் சொந்த ஊர் எது என்று கேட்கும்போது ‘ஆண்டிபட்டி’, ‘உசிலம்பட்டி’ என்று எங்கள் பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னால், மலையாளப் பையன்கள் மேசைக்கடியில் தலையை விட்டுச் சிரிப்பார்கள். சண்டை வந்ததும் உண்டு. ஆனால் மதியம் அவர்கள் கொண்டுவரும் கப்பையும் மீன்கறியும் எங்கள் புளிச்சோற்றுக்கு மாற்றாகக் கைமாறும்போது பட்டியும் மறந்துபோகும், வெள்ளமும் வற்றிப்போகும். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும் வேகும் மணம் பதினொரு மணிக்கே எங்கள் வகுப்புக்குள் வந்துவிடும். அந்த மணத்தோடு அல்ஜீப்ரா படிப்பது எளிதன்று.

புத்தகம் பெரும்பாடு. தமிழ்வழிப் பாடநூல்கள் சில ஆண்டுகளில் ஓணப் பரீட்சை முடிந்த பிறகே வந்து சேரும். கடையில் உரைநூல் வாங்கலாம் என்றால், கம்பத்தில் கிடைக்கும் கோனார் உரை தமிழ்நாட்டுப் பாடத்துக்கு உரியது. எங்கள் பாடம் வேறு. ஆனாலும் அறிவியல் எந்த மாநிலத்திலும் அறிவியல்தானே? ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லித் தமிழ்நாட்டுப் பாடநூல்களை வரவழைத்து, எந்தப் பாடம் எதனோடு பொருந்துகிறது என்று ஆசிரியர் ஓர் அட்டவணை போட்டுத் தந்தார். வரலாற்றுக்கு அந்த வழியும் இல்லை. திருவிதாங்கூர் வரலாறும் கேரள மறுமலர்ச்சியும் தமிழ்நாட்டு நூலில் எங்கே இருக்கும்?

அதற்குக் கை கொடுத்தவன் மலையாள டிவிஷனில் படித்த ஒரு நண்பன். கட்டப்பனைப் பக்கத்துக் குடியேற்றக் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் வீட்டில் ‘லேபர் இந்தியா’ என்ற மலையாளக் கல்வி இதழ் வாங்குவார்கள். சனிக்கிழமைகளில் அவர்கள் திண்ணையில் அவன் வாசிப்பான், நான் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதுவேன். புரியாத சொல்லுக்கு அவன் கையாலும் காலாலும் நடித்துக் காட்டுவான். ‘வைக்கம் சத்தியாகிரகம்’ என்ற பாடத்தில் 1924ஆம் ஆண்டையும் கோயில் தெருவையும் நடித்துக் காட்டியவன், ஈ.வெ.ரா. பெயர் வந்ததும் “இது நிங்ஙளுடெ ஆளல்லே?” என்று நிறுத்தினான். ஆமாம் என்றேன். அந்தப் பெருமையோடு அன்று வீட்டுக்கு நடந்தேன். அந்த நோட்டு பிறகு எங்கள் டிவிஷன் முழுக்கச் சுற்றி, அட்டை கிழிந்து, மறு ஆண்டுப் பிள்ளைகளிடம் போயிற்று. இந்தச் சனிக்கிழமைகளில் நான் வரலாறு மட்டுமல்ல, மலையாளமும் கற்றுக்கொண்டேன் என்பது வேலைக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

நான் பத்தாம் வகுப்பில் இருந்த 1990-91இல் மாநிலமெங்கும் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. மாலை ஏழு மணிக்கு லாந்தர் விளக்கை வைத்துக்கொண்டு, மலையிலிருந்து இறங்கிய அக்காமாரும் அத்தைமாரும் வட்டமாக உட்காருவார்கள். சொல்லிக்கொடுக்க எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பிடித்தார்கள். என் மாணவிகளில் என் அம்மாவும் ஒருவர். அம்மாவின் பெயரில் ஏழு எழுத்து; அதில் இரண்டு புள்ளி எழுத்து. நாளெல்லாம் கொழுந்து கிள்ளிக் கறுத்த விரலுக்கு எழுத்து வளைந்தது, புள்ளிதான் வரவில்லை. சிலேட்டில் குத்துவார், குச்சி உடையும். “இந்தப் பொட்டு இல்லாம எழுதுனா என்னடா? எம்பேரு மாறிருமா?” என்பார். மாறிவிடும் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். பதினைந்து வயதில் ஆசிரியனாவதன் சுகமே தனி! தைப்பொங்கல் கழிந்த பிறகு ஒரு சம்பள நாளில், மைப்பெட்டியை நகர்த்திவிட்டுப் பேனா கேட்டாராம். கிளார்க் எழுந்து தம் பேனாவைக் கொடுத்தார் என்பதை அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில், புதிதாக எழுத்தறிந்த மலப்புறத்துச் சேலக்கோடன் ஆயிஷா, கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தபோது நாங்கள் லயத்தில் வானொலி முன் இருந்தோம். எங்களுக்கு எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அந்நாளில் எஸ்.எஸ்.எல்.சி.க்கு மொத்தம் 600 மதிப்பெண். 210 வாங்கினால் தேர்ச்சி. கிரேடு எல்லாம் 2005இல்தான் வந்தது. பத்திரிகையில் பதிவு எண்கள் எறும்பு வரிசைபோல அச்சாகியிருக்கும். 210 என்ற எண்ணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எங்கள் டிவிஷன் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பக்கம் நின்றவர்கள் பலர் மறுநாளே கூடையோ மண்வெட்டியோ எடுத்தார்கள். இந்தப் பக்கம் வந்தவர்களுக்கும் வழி தெளிவாக இல்லை. பத்துவரை தமிழில் படித்தவனுக்கு அதற்கு மேல் மலையில் தமிழ் இல்லை. பிரீடிகிரி வகுப்பில் ஆங்கிலம், வெளியே மலையாளம். சிலர் வண்டிப்பெரியாறு, குமுளி வழியாக மலையிறங்கிக் கம்பத்தில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். அவர்களில் இருவர் பின்னர் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரியில் பட்டம் பெற்றார்கள். ஒருத்தி சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்து ஆசிரியை ஆனாள். குட்டிக்கானத்தில் கல்லூரி வந்தது 1995இல். எங்களுக்குக் காலம் கடந்துவிட்டது.

2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை விழுந்து, பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. சம்பளமில்லாத லயத்தில் யார் எவ்வளவு நாள் இருப்பார்கள்? குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கும் தேனிக்கும் இறங்கினார்கள். தங்கியவர்கள் பிள்ளைகளை ஆங்கில வகுப்பில் சேர்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் படித்தால் பத்தோடு பாதை நிற்கும் என்று அனுபவித்து அறிந்தவர்கள், பிள்ளையை வேறு பாதையில் விடுவது இயற்கை. 2017இல் கேரளப் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் வந்தபோது நம்மவரில் சிலர் கவலைப்பட்டார்கள். மலையாளம் கற்பதால் தமிழ்ப் பிள்ளைக்கு நட்டமில்லை என்பதே என் எண்ணம். அதை அந்தத் திண்ணையில் கண்டவன் நான். நட்டம் வருவது, தமிழ் டிவிஷனில் பிள்ளை இருந்தும் புத்தகமும் ஆசிரியரும் வந்து சேராதபோதுதான்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சிக்கலில் குமுளி எல்லை அடைபட்டு, இரு பக்கமும் கல்லெறி நடந்தபோது, அந்த ‘லேபர் இந்தியா’ நண்பன்தான் மூன்று நாட்கள் லயத்துக்கு அரிசியும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தான். அம்மா அப்போது அங்கேதான் இருந்தார். அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எங்கள் தமிழாசிரியர் ஓய்வு பெற்று மலையிறங்கிவிட்டார். இப்போதும் ஜூன் பிறந்தால், அங்கே ஆசிரியையாக இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி பட்டியலோடு லயம் ஏறுகிறாள். லயங்களில் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் இப்போது குடியிருக்கின்றன. அவர்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு விளையாடிப் பழகித் தமிழ் டிவிஷனிலேயே சேர்ந்திருப்பதாகச் சென்ற ஆண்டு எழுதியிருந்தாள். அவளுக்குத் தேவைப்படுவது தமிழ்–மலையாள அகராதி பத்துப் படிகளும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கத்தக்க கதைப் புத்தகங்களும். சங்க நூலகத்தில் இரட்டைப் படிகள் இருப்பதாகச் செயலாளர் கூறினார். கொடுக்க விரும்பும் அன்பர்கள் மே மாதத்துக்குள் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிட்டால், பள்ளி திறக்கும் முன் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.