ஈசிஆரில் யாரைக் கேட்பது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) மீடியனை அடைக்கிற விவகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டாலே அந்தச் சாலையின் மொத்தச் சிக்கலும் பிடிபட்டுவிடும். ஒரு குப்பத்துக்கு எதிரே மீடியனில் இடைவெளி இருக்கிறது. அங்கே விபத்து நடக்கிறது. போலீஸார் வந்து பேரிகார்டு வைத்து மறிக்கிறார்கள். கொஞ்ச நாளில் அது கான்கிரீட் கட்டையாகிவிடுகிறது. சாலைக்குக் கிழக்கே குப்பம். மேற்கே பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சென்னை போகிற பஸ் நிற்கும் இடம். அடுத்த யு-டர்ன் எங்கோ தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரம் யார் சுற்றுவார்கள்? டூவீலர்காரர் ராங் சைடில் வருகிறார். மீன்கூடை சுமக்கும் பெண்கள் கூடையை முதலில் கட்டைமேல் ஏற்றிவைத்து, புடவையைச் செருகிக்கொண்டு, பிறகு தாங்கள் ஏறித் தாண்டுகிறார்கள். விபத்து நின்றதா? பத்தடி தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அந்த இடத்தில் ஒரு சிக்னலோ முறையான கடவையோ வேண்டுமென்றால் யாரிடம் போவது? ஸ்டேஷனில் கேட்டால் ரோடு எங்களுடையது இல்லை என்பார்கள். ரோட்டைப் பராமரிக்கிறவர்களிடம் போனால், போலீஸ் சொல்லித்தான் அடைத்தோம் என்பார்கள். ஊராட்சி அலுவலகத்தில் எங்களுக்கு அதிகாரமே கிடையாது என்று கைவிரிப்பார்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. சட்டப்படி மூன்றும் சரியான பதில்கள். கேட்கப் போனவருக்குத்தான் அரை நாள் கூலி போச்சு.

இந்தச் சாலையைப் பங்கு போட்டிருக்கும் விதம் அப்படி. திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை மாநில நெடுஞ்சாலைத் துறை. அதற்குத் தெற்கே மாமல்லபுரம் வரை தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம். 2002 முதல் சுங்கம் வசூலிப்பதும் அதுதான். மாமல்லபுரம் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலை 332ஏ. நான்கு வழியாக்கும் வேலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில். காவல் எல்லை இதோடு ஒத்துப்போவதில்லை. சென்னை மாநகரக் காவல், 2022-இல் உருவான தாம்பரம் மாநகரக் காவல், செங்கல்பட்டு மாவட்டக் காவல், பிறகு விழுப்புரம், கடைசியில் புதுச்சேரி. உள்ளாட்சி வேறு கணக்கு: உத்தண்டி வரை சென்னை மாநகராட்சி, அப்புறம் கானாத்தூர் ரெட்டிக்குப்பம், முட்டுக்காடு, கோவளம் என்று ஊராட்சிகள். கடற்கரைக்கு வருகிறவர்களை வரவேற்பது சுற்றுலாத் துறை. வந்தவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்பது யாருடைய கவலை என்று கேட்டால் பதில் இல்லை. முட்டுக்காடு பாலத்தில் ஞாயிறு மாலை வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்துவைத்துக்கொண்டே கழிமுகத்தைப் படமெடுக்கிறார்களே, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததன் விளைவுதான் அது.

ஆனால் இத்தனை பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-ஆம் பிரிவு மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களைப் பற்றிப் பேசுகிறது. காகிதத்தில் கிடந்த அந்தப் பிரிவுக்கு உயிர் வந்தது ஒரு கோயம்புத்தூர்க்காரரால். எலும்பு முறிவு சிகிச்சை நிபுணரான டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 2017 நவம்பர் 30 அன்று நீதிமன்றம் வரிசையாக உத்தரவுகள் போட்டது. அவற்றில் ஒன்று: ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், காவல் கண்காணிப்பாளர், சுகாதாரத் துறை, சாலையைப் போட்ட துறை, உள்ளாட்சி, வட்டாரப் போக்குவரத்து அலுவலர் இவர்களோடு அந்த மாவட்டத்துப் பொதுமக்கள் தரப்பிலிருந்தும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும், முறையாகக் கூட வேண்டும்.

பொதுமக்களுக்கு அந்த மேசையில் நாற்காலி உண்டு என்பதுதான் ஈசிஆர் குடியிருப்போருக்குப் பெரும்பாலும் தெரியாத சங்கதி. உங்கள் மாவட்டக் குழுவில் அந்த நாற்காலியில் யார் இருக்கிறார், கடைசியாகக் குழு கூடியது எப்போது, உங்கள் பகுதி பற்றி என்ன முடிவெடுத்தார்கள் என்ற மூன்று கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோமே என்ற பயமும் வேண்டாம். 6(3) பிரிவின்படி, 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை. எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. எல்லைத் தகராறு மிகுந்த இந்தச் சாலைக்கென்றே எழுதியதுபோல் ஒரு பிரிவு!

இப்படி ஒரே மேசையில் உட்கார்வதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் 2019 அக்டோபரை நினைத்துப் பார்க்கலாம். இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது எத்தனை துறைகள், எத்தனை எல்லைகள்? எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுவரை முன்கூட்டியே அறிவித்தார்கள். அது பெரிய மனிதர்களுக்கான ஏற்பாடுதான். ஆனாலும் திறமையோ ஆள்பலமோ இல்லை என்ற சாக்கு அன்றோடு போய்விட்டது. நேரெதிர் உதாரணம் 2023 செப்டம்பர் 10. பனையூரில் ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சிக்கு வந்த கூட்டத்தால் ஈசிஆர் திணறியது. டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். முதலமைச்சரின் வாகன அணியே நெரிசலில் சிக்கியது. பிறகு அதிகாரிகள் மீது நடவடிக்கை, விசாரணை எல்லாம் வந்தன. பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அந்த நிகழ்ச்சி புதிதாக ஒன்றையும் காட்டவில்லை. வாராவாரம் சின்ன அளவில் பார்ப்பதைத்தான் அன்று ஊரே பார்த்தது.

கலிபோர்னியாவில் பிக் சர் என்றொரு கடலோரப் பகுதி. மலைக்கும் கடலுக்கும் நடுவே நெளிந்து போகும் நெடுஞ்சாலை எண் 1. அதிலுள்ள பிக்ஸ்பி பாலத்தைப் படமெடுக்கக் கூட்டம் குவிந்து, உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குப் போக முடியாத நிலை அங்கேயும் உண்டு. அங்கே மாநிலப் போக்குவரத்துத் துறை, மாவட்ட நிர்வாகம், பூங்காத் துறை, வனத் துறை எல்லாவற்றோடும் குடியிருப்போரின் பிரதிநிதிகள் உட்காரும் பல்துறை ஆலோசனைக் குழு ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நெரிசல் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் கேள்வியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில் அங்கே குழப்பமில்லை.

இனி மனு எழுதுகிற விஷயம். நம் ஊர் மனுக்களில் பெரும்பாலானவை தோற்பது ஒரே காரணத்தால்: “எங்கள் பகுதியில் போக்குவரத்து நெரிசல் அதிகமாக உள்ளதால் ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.” இதை வாங்கும் அதிகாரி என்ன செய்வார்? உரிய துறைக்கு அனுப்புவார். அது மேலே சொன்ன சுற்றுக்குள் போய்விடும். மாறாக, இந்தக் குப்பத்து நுழைவு, இந்த பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, காலை பள்ளி நேரத்தில் இத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள், தேவை ஒரு சிக்னல் அல்லது இன்னது என்று எழுதிப் பாருங்கள். நாள், நேரம் தெரியும் நான்கு படங்களை இணையுங்கள். அந்த இடத்தில் நடந்த விபத்துகளின் விவரத்தை ஸ்டேஷனிலிருந்து தகவல் உரிமை வழியாக வாங்கி வையுங்கள். ஏனென்றால் அடிக்கடி விபத்து நடக்கும் இடத்தைக் கரும்புள்ளி என்று அறிவிப்பதற்கு அளவுகோல் உண்டு. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மத்திய அமைச்சகம் வைத்திருப்பது இது: ஏறத்தாழ 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள். எண்ணிக்கை அதைத் தொட்டுவிட்டால் பேச்சே வேறு. தொடவில்லை என்றால் மனு போடக் கூடாது என்றில்லை. ஐந்தாவது விபத்துக்குக் காத்திருக்கப் போகிறீர்களா என்று கேட்கலாம்.

மனுவை ஒரே கடிதமாக ஆட்சியருக்கு, சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் என்ற முறையில் எழுதுங்கள். சாலைத் துறைக்கும் காவல் அதிகாரிக்கும் அதன் நகல். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். குப்பத்துப் பஞ்சாயத்து, மேற்குப் பக்க நகர்களின் நலச்சங்கம், ரோட்டோர வியாபாரிகள் மூவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அதன் எடை தனி. ஈசிஆரில் இது எளிதல்ல என்பதும் தெரிந்ததே. பங்களாக்காரருக்கு மீடியன் அடைத்திருப்பது வசதி, குப்பத்துக்காரருக்குத் தொல்லை. இந்தச் சண்டையை ஆட்சியர் முன்னால் போட்டால் கோப்பு தூங்கிவிடும். முன்பே பேசி முடித்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

விபத்து நடந்துவிட்டால் எல்லைக் குழப்பத்தை மறந்துவிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, போலீஸுக்கு 112. புகார் கொடுக்க எந்த ஸ்டேஷனுக்கும் போகலாம். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் நம்மைக் கேஸில் இழுத்துவிடுவார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவியவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லவோ சாட்சியாக இருக்கவோ கட்டாயப்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாமல் கிடைக்கும். அடிபட்டவர் வெளி மாநிலத்தவராக இருந்தாலும் உண்டு. முன்பணம் கேட்டால் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள். சுற்றுலா வந்த இடத்தில் அடிபட்டவர் தன் சொந்த ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். மோதிய வண்டி தெரியாமல் ஓடிவிட்டால், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு. குப்பத்துக் குடும்பங்கள் பல இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகின்றன. சாலை அமைப்பிலோ பராமரிப்பிலோ இருந்த குறையால் சாவு நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓர் உயிருக்கு ஒரு லட்சம் என்பது கேலிதான். என்றாலும் குழி, எரியாத விளக்கு, விழுந்த எச்சரிக்கைப் பலகை இவற்றை விபத்தன்றே படமெடுத்து வைத்தால் பிற்பாடு இழப்பீட்டு வழக்கில் உதவும். மறுநாள் குழி மூடப்பட்டிருக்கும்.

அதிகாலை பைக் ரேஸுக்கு அதே சட்டத்தின் 189-ஆம் பிரிவு: முதல் முறை 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ. ஓட்டியது பதினெட்டு நிரம்பாத பையன் என்றால் அப்பாவுக்கு, அல்லது வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு, 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். 112-இல் சொல்லும்போது வண்டிகள் எந்தத் திசையில் போகின்றன என்பதை முதலில் சொல்லுங்கள். மடக்குவதற்கு அதுதான் தேவை.

புத்தாண்டு இரவு, காணும் பொங்கல் போன்ற நாள்களில் சாலையையே மூடுகிறார்கள். வேலை முடிந்து வரும் உள்ளூர்க்காரர் தன் வீட்டுக்குப் போக போலீஸிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. வாகனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவில் இருப்பது உண்மை. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டியதில்லை. ஆனால் உள்ளூரில் இயன்ற அளவு விளம்பரப்படுத்த வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. தடை எப்போது, குடியிருப்போர் என்ன அடையாளம் காட்டினால் விடுவார்கள், பிரசவ வலி வந்தால் எந்த வழி என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கலாம். நடுராத்திரி ஸ்பீக்கர் விவகாரம் வேறு: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. ரெசார்ட்டின் பார்க்கிங் தெருவையே அடைத்து அன்றாடத் தொல்லையாகிவிட்டால், பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை மேம்பாலச் சாலை வரப்போகிறது என்று அரசு அறிவித்திருக்கிறது. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, கீழே கடப்பவர்களுக்கு என்ன வழி என்பவை வரைபடத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள். தூண் எழும்பிய பின் கேட்டால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று நவம்பர் 1, உள்ளாட்சி நாள். மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்களும் உண்டு. நவம்பர் 1 காணும் பொங்கலுக்கு இரண்டரை மாதம் முன்பு வரும் நாள். பார்க்கிங் எங்கே, தற்காலிகக் கடவைகள் எங்கே, எந்தத் தெருவை மூடக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானம் போட்டு, நகலோடு ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் அதிகாரிக்கும் நவம்பர் மாதத்திலேயே அனுப்பிவிட்டால், அவர்கள் பந்தோபஸ்துத் திட்டம் எழுத உட்காரும்போது உங்கள் காகிதமும் மேசைமேல் இருக்கும்.