ஏழு மாடி அரண்மனை

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்தில் போகும் நேயர்களே, வழியில் பொலன்னறுவை வருகிறதல்லவா? சோழர் ஆட்சியில் ஜனநாதமங்கலம் என்று பெயர் பெற்ற நகர் அது.

12ஆம் நூற்றாண்டில் மன்னன் முதலாம் பராக்கிரமபாகு அங்கே கட்டிய அரண்மனைக்கு ஏழு மாடிகள், ஆயிரம் அறைகள் என்கிறது சூளவம்சம் என்னும் வரலாற்று நூல். இன்று எஞ்சியிருப்பவை தடித்த செங்கற் சுவர்கள்தான். சுவர்க் குழிகளில் பொருத்தியிருந்த மர உத்தரங்களும், அவை தாங்கிய மேல்மாடிகளும் அழிந்துவிட்டன.

அருகே, பராக்கிரம சமுத்திரம் என்னும் பெரிய குளத்தின் கரையில், பின்னாளில் ஆண்ட நிசங்கமல்ல மன்னனின் அரசவை மண்டபம் கூரையில்லாமல் நிற்கிறது. யார் எங்கே அமரவேண்டும் என்பதை அதன் கற்றூண்களிலேயே பொறித்திருக்கிறார்கள். மன்னனுக்கு வலப்புறம் இளவரசர், படைத்தலைவர், அமைச்சர். இடப்புறம் மாகாண ஆளுநர்களோடு வணிகர்களுக்கும் இடம் இருந்தது. அரசவையில் வியாபாரிக்கும் ஓர் ஆசனம்!