சித்தூர் நிலம் எவ்வளவு தாங்கும்?

ஒரு வட்டாரத்தின் உழவு நிலைத்து நிற்குமா என்று ஆராயப் புகுவோர், இவ்வாண்டு விளைச்சல் எவ்வளவு என்றே முதலில் வினவுகின்றனர். நாம் மண்ணையும் நீரையும் பார்த்துவிட்டுக் கணக்குப் புத்தகத்திற்கு வருவோம்.

சித்தூர்ப் பகுதி 1911 வரையில் வடஆர்க்காட்டைச் சேர்ந்தது. திருப்பதி 2022-இல் தனி மாவட்டமாயிற்று. இங்குள்ள செம்மண் மேடுகளில் மானாவாரி வேர்க்கடலை நெடுங்காலம் முதற்பயிராக விளங்கியது. கடலை காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் என்பது உண்மையே. ஆயினும் செடியை வேரோடு பிடுங்கிக் கொடியையும் மாட்டுக்குத் தீவனமாக்கும்போது, அந்நன்மையின் பெரும்பங்கு வயலை விட்டு வெளியேறுகிறது. ஆகவே சாணம் அதே வயலுக்குத் திரும்புகிறதா, இடையிடையே துவரை வரிசை நிற்கிறதா என்பனவற்றையே நாம் கேட்க வேண்டும்.

இனி நீர். ஒருவர் ஆழ்குழாய்க் கிணற்றை மேலும் ஆழமாக்கினால் அண்டை வயலாரின் கிணறு வற்றுகிறது. ஆந்திர அரசு 2002-இல் நீர், நிலம், மரங்கள் ஆகியவற்றிற்கெனச் சட்டமே இயற்றியது. சொட்டுநீர்ப் பாசனமும் பரவியது. ஆனால் மிச்சமான நீரைக்கொண்டு இன்னும் இரண்டு ஏக்கர் கரும்பு நட்டால் நிலத்தடி நீர் எவ்வாறு உயரும்?

விசயநகர காலத்துத் திருமலைக் கல்வெட்டுகள் இவ்விடத்தில் படிக்கத்தக்கவை. அடியார் அளித்த பொன்னைக் கோயிலார் தம் சிற்றூர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிட்டனர். அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து நைவேத்தியம் நடந்தது. முதல் அழியாமல் பலனை மட்டும் உண்ணும் ஏற்பாடு அது. அவ்வேரிகளுக்கு இன்று யார் பொறுப்பு? 2021 நவம்பர் பெருமழையில் திருப்பதியை அடுத்த ராயலசெருவின் கரை கசிந்தபோது, கீழேயுள்ள ஊரார் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

கடைசியாக உழவர் கையில் நிற்கும் பணம். கடலையை விட்டுப் பலர் மாந்தோப்பு வைத்தனர். மரம் மண்ணரிப்பைத் தடுக்கும். வறட்சியையும் ஓரளவு தாங்கும். ஆனால் பெரும்பாலும் ஒரே பெங்களூரா வகை. வாங்குவோர் பழக்கூழ் ஆலையார். 2025 கோடையில் விலை வீழ்ந்தபோது அரசு கிலோவுக்கு 4 ரூபாய் உதவ வேண்டியதாயிற்று. கடன்பட்ட உழவர் ஏரி வண்டலை வண்டியிலேற்றி வயலில் கொட்டுவதற்குக் கூலி எங்கிருந்து தருவார்? மண்ணின் மதிப்பீட்டில் சந்தை விலையையும் நாம் சேர்ப்பது இதனாலேயே.