இது என்னவென்று கேட்டோமா?

சென்ற ரமழான் விடுமுறையில் எமது வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதத்தான் வேண்டுமா என்று பல தடவை யோசித்தேன். வகுப்பறையிலும் மிம்பரிலும் நின்று பொறுமையைப் பற்றிப் பிறருக்குச் சொல்லும் ஒருவன் தன் வீட்டில் பொறுமையிழந்த கதை அது. எனினும் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் எவருக்காவது பயன்படலாம் என்ற எண்ணத்தில் எழுதுகின்றேன்.

எனது மூத்த மகனுக்குப் பதினைந்து வயது. கட்டாரில் தொழில் புரியும் அவனது மாமா விடுமுறையில் வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். மூடியில் கடலுக்கு மேலாகப் பறக்கும் பழைய விமானம் ஒன்றின் படம். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். அவற்றில் இறக்கை, வால், இருக்கை என்று விமானத்தின் பாகங்கள் எல்லாம் சிறு சிறு துண்டுகளாக, இலக்கமிடப்பட்டு, கொடியில் காய்கள் தொங்குவது போல ஒட்டிக் கொண்டிருந்தன. அவற்றை வெட்டியெடுத்து, ஒட்டி, நிறம் பூசினால் விமானம் உருவாகும். “பிளாஸ்டிக் மொடல்” என்று உலகெங்கும் பலர் விரும்பிச் செய்யும் பொழுதுபோக்கு இது.

விடுமுறை தொடங்கியதும் மகன் பின் விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டுக் கொண்டான். லுஹருக்குப் பின் உட்கார்ந்தால் அஸர் வரை அசைய மாட்டான். “ஓ/எல் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை பிளாஸ்டிக் துண்டுகளோடு காலத்தைக் கழிக்கின்றானே” என்ற எரிச்சல் நாளுக்கு நாள் எனக்குள் வளர்ந்தது.

ஒரு நாள் அஸர் ஜமாஅத்தில் அவனைக் காணவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மேசையடியில் இருக்கின்றான்.

“ஏன் பள்ளிக்கு வரல்ல?”

“பசை காயும் வரைக்கும் கையை விட ஏலாமப் போச்சு வாப்பா. பிறகு இங்கேயே தொழுதேன்.”

நான் நோன்பாளி. அவனும் நோன்பாளி. நோன்பாளியிடம் ஒருவர் சண்டைக்கு வந்தாலும் ‘நான் நோன்பாளி’ என்று சொல்லி விலகிக் கொள்ள வேண்டும் என்ற நபிமொழியை அதே வாரம்தான் மாணவர்களுக்குப் படித்துக் கொடுத்திருந்தேன். ஆனால் என் கை அந்த விமானத்தை மேசையிலிருந்து தட்டிவிட்டது. அது தரையில் விழுந்து, ஒட்டிய இடத்திலேயே இரண்டு பாதியாகப் பிளந்தது.

மகன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். அப்போதுதான் அந்தப் பாதிகளின் உட்புறத்தைக் கண்டேன். உள்ளே சுவரெல்லாம் இளம் பச்சை நிறம். நகத்தளவுகூட இல்லாத இருக்கைகளில் கறுப்பு நிறம். அவற்றின் குறுக்கே நூல் போல மெல்லியதாக வரையப்பட்ட பட்டிகள். இரு பாதிகளையும் ஒட்டி மூடிவிட்டால் இவற்றில் பெரும்பகுதி எவர் கண்ணுக்கும் தெரியாது.

தராவீஹ் முடிந்து வந்த பின்னர் அவனருகில் போய் உட்கார்ந்தேன். “மகன், வாப்பா செய்தது பிழை. மன்னிச்சிடுங்க” என்றேன். சற்று நேரம் கழித்து, “மூடின பிறகு உள்ளுக்கு யார் பார்க்கப் போறாங்க? அதுக்கு ஏன் இவ்வளவு பாடு?” என்று கேட்டேன்.

“மூடின பிறகு பெயின்ட் அடிக்க ஏலாதே வாப்பா” என்றான்.

அவன் பெரிய தத்துவம் எதையும் சொல்ல நினைக்கவில்லை. வேலையின் ஒழுங்கைத்தான் சொன்னான். எனக்கோ அன்றிரவு தூக்கம் வரவில்லை. அல்லாஹ்வை நாம் காணாவிட்டாலும் அவன் எம்மைக் காண்கின்றான் என்ற உணர்வோடு வணங்குவதே இஹ்ஸான் என்று பாடம் நடத்துகின்றோம். ஒருவர் ஒரு வேலையைச் செய்தால் அதனைச் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகின்றான் என்ற கருத்தில், அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் வாயிலாக பைஹகீயில் பதிவாகியுள்ள ஹதீஸையும் மனனம் செய்விக்கின்றோம். ஆனால் எவரும் பார்க்காத இடத்திலும் வேலையைத் திருத்தமாகச் செய்யும் பழக்கத்தை ஒரு பிள்ளையின் கைகளுக்கு எங்கே கற்றுக் கொடுக்கின்றோம்?

எங்கிருந்து வந்தது?

மறுநாள் முதல் இதைப் பற்றி நானும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பிளாஸ்டிக் மொடல் பெட்டிகள் 1936இல் பிரித்தானியாவில் ‘ஃபுரொக் பெங்குவின்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. அவை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவானவை. அதாவது ஆறு அடி உயரமான மனிதன் இந்த அளவில் ஓர் அங்குலம் மாத்திரமே. இந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. 1942இல் எதிரி விமானங்களை அடையாளம் காணும் பயிற்சிக்காக ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பாடசாலை மாணவர்களைக் கேட்டுக் கொண்டபோதும், அவர்கள் மரத்தில் செதுக்கியது இதே அளவில்தான்.

ஹங்கேரியில் பிறந்த நிகொலஸ் கோவ் என்பவர் 1939இல் இலண்டனில் ஆரம்பித்த எயார்ஃபிக்ஸ் நிறுவனம் முதலில் காற்றடைத்த றப்பர் விளையாட்டுப் பொருட்களையும் பின்னர் சீப்புகளையும் செய்தது. 1950களில் அது ‘கோல்டன் ஹைன்ட்’ என்ற பாய்க்கப்பலின் மொடலைச் சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு ஷிலிங்குக்கு விற்றது. அதன் பின்னரே இப்பொழுதுபோக்கு சாதாரண குடும்பங்களின் பிள்ளைகளையும் சென்றடைந்தது.

ஜப்பானின் ஷிஸுஓகா நகரில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கு 1946இல் யோஷியோ டமியா என்பவர் ஒரு மர ஆலையைத் தொடங்கினார். மர மொடல்களும் செய்தார். 1951இல் தீ விபத்தில் ஆலை எரிந்தது. பின்னர் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் மொடல்கள் வந்து மர மொடல்களின் வியாபாரத்தையும் விழுத்தின. 1960இல் அவர்களும் பிளாஸ்டிக்குக்கு மாறி, யமாட்டோ போர்க்கப்பலின் மொடலை வெளியிட்டார்கள். அதுவும் நட்டத்தில் முடிந்தது. ஆனால் அடுத்து வந்த ஜேர்மனிய யுத்த தாங்கியின் மொடல் அவர்களைக் காப்பாற்றியது. அவரது மகன் ஷுன்ஸாகு டமியா 1970களில் போர்ஷே கார் ஒன்றின் மொடலைச் சரியாகச் செய்வதற்காக உண்மையான காரையே வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்தாராம். 2025இல் தமது 90ஆவது வயதில் காலமாகும் வரை அவர் இத்துறையில் பெரும் மதிப்போடு விளங்கினார். ஒரு விளையாட்டுப் பொருளுக்கே இவ்வளவு சிரத்தை என்றால், பாடம் நடத்துவதில் நான் காட்டும் சிரத்தை எவ்வளவு என்று என்னையே கேட்டுக் கொண்டேன்.

செய்யும் முறை

உடைந்த விமானத்தைத் திருத்தும்போது நானும் மகனுடன் உட்கார்ந்தேன். அவன் உஸ்தாத், நான் மாணவன்.

துண்டுகளைச் சட்டத்திலிருந்து கையால் முறிக்கக் கூடாது. நல்ல நகவெட்டியால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை சேண்ட் பேப்பரால் தேய்த்துவிட வேண்டும். பசை பூசுவதற்கு முன்னர் இரு துண்டுகளையும் வெறுமனே சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பசை சாதாரண பசையைப் போன்றதல்ல. அது பிளாஸ்டிக்கையே சிறிது கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றது. முழுமையாக இறுகுவதற்கு ஒரு நாளாவது விட்டுவைப்பது நல்லது. அன்று அவன் கையை விடாமல் பிடித்திருந்ததன் காரணமும், தட்டியதும் அது பிளந்ததன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கின.

பெயின்டை ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் நுணுக்கமான கோடுகள் மறைந்துவிடும். மெல்லியதாக ஒரு தடவை பூசி, காயவிட்டு, மீண்டும் ஒன்றிரண்டு தடவைகள் பூச வேண்டும். முதலில் இளநிறம், பிறகு கடும்நிறம். இறுதியில் இலச்சினைகளை நீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி எடுத்து ஒட்டுவார்கள். அவசரக்காரனுக்கு இதில் இடமில்லை.

பெற்றோர் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். பசையும் தின்னரும் ஆவியாகும் பொருட்கள், தீப்பற்றவும் கூடியவை. எனவே காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பிலிருந்து தூரத்தில் வைத்தே வேலை செய்ய வேண்டும். சிறு பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது. அடுத்து, காய்ந்த பெயின்ட் தோலிலும் நகத்திலும் படலமாகப் படிந்து நீர் படுவதைத் தடுக்கும். வுழூச் செய்ய முன்னர் அதை முற்றாக அகற்ற வேண்டும். கையுறை அணிந்தால் இந்தச் சிரமம் இல்லை. மூன்றாவது, இது மலிவான பொழுதுபோக்கல்ல. செய்து முடிக்காத பெட்டிகளை அடுக்கி வைத்துக் கொண்டு மேலும் வாங்குவது இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோரிடம் காணப்படும் பழக்கம். ஒன்றை முடித்த பின்னரே மற்றொன்று என்று எங்கள் வீட்டில் ஒழுங்கு வைத்துள்ளோம். இல்லாவிட்டால் அது வீண்விரயமாகிவிடும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உருவங்கள் செய்து வாழ்ந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து கேட்டபோது, செய்துதான் ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் செய்யுமாறு அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் வருகின்றது. விமானம், கப்பல், கட்டடம் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. பெட்டியில் இரண்டு சிறிய விமானிகளின் உருவங்களும் இருந்தன. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்கள் தொடர்பாக உலமாக்கள் சலுகை அளித்துள்ள போதிலும், இவ்விடயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலுக்காக அவற்றை ஒட்டாமல் விட்டோம்.

இதைத் தேடும்போதுதான் அபூதாவூதில் உள்ள ஒரு ஹதீஸ் என் கண்ணில் மீண்டும் பட்டது. பல தடவை படித்ததுதான். நபி (ஸல்) அவர்கள் ஒரு போர்ப் பயணம் முடிந்து வீடு திரும்புகின்றார்கள். திரை காற்றில் விலக, ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிகின்றன. நடுவில் துணித் துண்டுகளால் இரண்டு இறக்கைகள் வைத்த ஒரு குதிரை. நபியவர்கள் கோபிக்கவில்லை, தட்டிவிடவும் இல்லை. ‘இது என்ன?’ என்று கேட்டார்கள். அதன் மேல் உள்ளது என்னவென்றும், குதிரைக்கு இறக்கைகளா என்றும் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களுக்கு இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரழி) அவர்கள் திருப்பிக் கேட்டதும், கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

பயணக் களைப்போடு வந்த அல்லாஹ்வின் தூதர் முதலில் கேட்டது ‘இது என்ன?’ என்றுதான். பள்ளியிலிருந்து நூறு யார் நடந்து வந்த நான் அதைக் கேட்கவில்லை.

கொக்கலைக்குப் போனோம்

நான் பிறகு கேட்டேன். “இது என்ன விமானம் மகன்?” அவன் சொல்லச் சொல்ல எனக்கு வியப்பு. அது ‘கற்றலைனா’ என்ற கடல் விமானம். உண்மையான விமானத்தின் இறக்கை 104 அடி நீளம். அவன் மேசையில் இருந்தது 44 சென்ரிமீற்றர். இரண்டாம் உலகப் போரின்போது எமது தென்பகுதியிலுள்ள கொக்கலை வாவியில் இவ்வகை விமானங்கள் நின்றன. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி அங்கிருந்து புறப்பட்ட கனடிய விமானி லெனாட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்து கொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு வானொலி மூலம் செய்தி அனுப்பினார். உடனே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒன்பது பேரில் உயிர் தப்பிய ஆறு பேரும் கைதிகளானார்கள். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்ம்ஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது.

“போர் விமானத்தை அழகுபடுத்தி வைப்பதா?” என்ற தயக்கமும் எனக்கு இருந்தது. போரின் கொடுமையைக் கண்ணால் கண்ட தலைமுறை நாங்கள். ஆனால் மகன் மாண்டவர்களின் எண்ணிக்கையைச் சொன்ன விதத்தில் ஆரவாரம் இருக்கவில்லை. போர் எதுவென்று அவன் விளங்கித்தான் இருந்தான்.

பெருநாளைக்குப் பின் குடும்பத்தோடு கொக்கலைக்குப் போனோம். வாவிக் கரையில் நின்று மகன் தன் தங்கைக்கு விளக்கம் சொல்லிக் கொண்டிருந்தான். அவனது உம்மாவும் நானும் கேட்டுக் கொண்டிருந்தோம். வரும் வழியில் ஒரு பள்ளியில் அஸரை ஜமாஅத்தோடு தொழுதோம். பசை பூசும் வேலையை அஸருக்குப் பிறகு வைத்துக் கொள்வதென்று அவனாகவே ஒழுங்கு செய்திருக்கின்றான். நான் சொல்லவில்லை.

அந்த விமானம் இப்போது எனது கிதாபுகள் இருக்கும் அலுமாரியின் மேல் தட்டில் நிற்கின்றது. எவ்வளவு தேய்த்தும் நடுவில் ஒரு மெல்லிய கோடு போகவில்லை. அதற்கு மேலும் பெயின்ட் பூசவா என்று மகன் கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

அன்புப் பெற்றோரே! பிள்ளை ஓரிடத்தில் தலை குனிந்து ஏதோ செய்து கொண்டிருந்தால், கை நீட்டுவதற்கு முன்னர் ஒரு கேள்வியைக் கேளுங்கள். அது தபால் தலையாக இருக்கலாம், பட்டமாக இருக்கலாம், பழைய வானொலியாக இருக்கலாம். ‘இது என்ன?’ என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும் வரை அருகில் உட்கார்ந்திருங்கள். அதுவும் ஒரு ஸுன்னத்தே. எமது பிள்ளைகளை எமக்குக் கண்குளிர்ச்சியாகவும், எம்மை அவர்களுக்கு நீதமான பெற்றோராகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.