ஜோடியாக வாருங்கள், விருந்து இலவசம்!

சனிக்கிழமை மதியம் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினால் ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். ராஜபாளையத்துக்காரர்களுக்குக் குற்றாலம் பக்கம். குமுளியும் கொடைக்கானலும் எட்டுகிற தூரம். நல்ல ஓட்டல் சாப்பாடும் ஒரு பாட்டுக் கச்சேரியும் வேண்டுமென்றால் மதுரை. கல்யாண நாளுக்கு மனைவியிடம் மூச்சுவிடாமல் இப்படி ஒரு பயணத்தை ஏற்பாடு செய்யும் கணவர்கள் உண்டு. கணவருக்குத் தெரியாமல் திட்டம் போடும் மனைவிகளும் உண்டு. ஆசையில் ஒரு தப்பும் இல்லை. சிக்கல் ரகசியத்தில்தான் இருக்கிறது. ஒரு மிக்சி வாங்க நான்கு கடை ஏறி இறங்கி, பக்கத்து வீட்டிலும் விசாரிக்கிற மனிதர், சர்ப்ரைஸ் என்று வந்துவிட்டால் யாரிடமும் கேட்பதில்லை. ரசீது மனைவி கண்ணில் பட்டுவிடுமே என்று கிழித்துப் போடுகிறார். ஏமாந்தது தெரியவரும்போது கையில் காகிதம் இல்லை. வெளியே சொல்ல வெட்கம்.

இந்த வெட்கத்தை நம்பித்தான் ஒரு தொழிலே நடக்கிறது.

தொடக்கம் ஒரு கூப்பன். ஜவுளிக்கடை வாசலிலோ பொருட்காட்சியிலோ பெட்ரோல் பங்க்கிலோ யாராவது சிரித்தபடி நீட்டுவார்கள். பெயர், செல் நம்பர், திருமணம் ஆனவரா, மாத வருமானம் எவ்வளவு, கிரெடிட் கார்டு உண்டா? குலுக்கல் நடத்துகிறவர்களுக்குக் கிரெடிட் கார்டைப் பற்றி என்ன கவலை என்று எழுதிக் கொடுப்பவர் யோசிப்பதில்லை. சில நாளில் போன் வரும். “சார், உங்க கூப்பனுக்கு கிஃப்ட் விழுந்திருக்கு. மூணு நாள், ரெண்டு நைட் ஸ்டே ஃப்ரீ. மேடத்தையும் கூட்டிட்டு வாங்க, டின்னர் எங்க செலவு.” ஜோடியாக வரவேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பு. தனியாக வருகிறவர் “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று எழுந்துவிடலாம். கேட்க வேண்டிய ஆளையும் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகிறது.

ஓட்டல் ஹாலில் வட்ட மேசைகள், காதை அடைக்கும் பாட்டு. வருடம் ஒரு டூர் போனால் இருபது வருடத்தில் எவ்வளவு செலவாகும் என்று ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் பெருக்கிக் காட்டுவார்கள். பக்கத்து மேசையில் திடீரென்று கைதட்டல். அங்கே யாரோ விடுமுறை கிளப்பில் உறுப்பினராகிவிட்டார்களாம். சாப்பாடு இன்னும் வரவில்லை. முதலில் மூன்று லட்சம் என்ற விலை, ‘மேனேஜர்’ வந்ததும் பாதியாகிறது. ‘இன்று இரவு மட்டும்’ என்று இன்னும் இறங்குகிறது. மனைவியின் முன்னால் பணமில்லை என்று சொல்லக் கணவருக்குக் கூச்சம். ஆசையாக அழைத்து வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல மனைவிக்குத் தயக்கம். கார்டைத் தேய்த்தாகிவிட்டது.

அந்த ஒப்பந்தத்தை வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் படித்தால்தான் விவரம் புரியும். பணம் எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படாது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் தனி. அறை இருந்தால்தான் கிடைக்கும். வார இறுதியிலும் பண்டிகை நாட்களிலும் கிடைக்காது. வழக்கு என்றால் டெல்லியிலோ மும்பையிலோதான். எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி: விற்பனைப் பிரதிநிதி வாயால் சொன்ன எந்த வாக்குறுதிக்கும் நிறுவனம் பொறுப்பல்ல. ஒன்றரை மணி நேரம் அந்த ஹாலில் பேசிய அத்தனையையும் இந்த ஒரு வரி துடைத்துவிடுகிறது. ஆகவே சொன்னதை அந்த மேசையிலேயே எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் சாப்பிடாமல்கூட எழுந்து வந்துவிடலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

விடுமுறை கிளப்புகள் எல்லாமே மோசடி அல்ல. ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தவறானவர்களிடம் சிக்கியவர் விலக ஒரு வழி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அந்த நாட்களில் முன்பணம் வாங்குவதே சட்டவிரோதம். இந்தியாவில் அப்படிப்பட்ட தனிச் சட்டம் இல்லை. அறை இரவுகளை விற்பதாகச் சொல்லி நாடு முழுவதும் பணம் திரட்டிய பான்கார்டு கிளப்ஸ் நிறுவனத்தின் மீது பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2014-ல் தடை உத்தரவு போட்டபோது, சுமார் 50 லட்சம் பேரின் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் அதற்குள் போயிருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் 14 நாள் விலகல் உரிமையைச் சட்டமாக்க அரசுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றால் மறுநாள் காலையே வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் கார்டு தேய்த்த சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். மேடையில் மாட்டியிருந்த பெயர் ஒன்றாகவும் சீட்டில் அச்சான பெயர் வேறாகவும் இருக்கலாம். பணம் யாருக்குப் போனதோ அந்தப் பெயர்தான் முக்கியம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் பதிவு அலுவலக முகவரி கிடைக்கும். அந்த முகவரிக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: இந்தத் தேதியில், இந்த ஓட்டலில், இந்த வாக்குறுதிகளை நம்பி இவ்வளவு செலுத்தினோம், ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம், 15 நாளில் பணத்தைத் திருப்பித் தரவும். மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். தபாலில் அனுப்பும்போது ஒரு மாற்றம் உண்டு. பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் கவுன்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று சொல்லி, பதிவும் டெலிவரி சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் அவர்களாகத் தருவதில்லை.

அன்றைக்கே கார்டு கொடுத்த வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் இலவசமாக முறையிடலாம். கோபத்தில் கார்டுக்கான இ.எம்.ஐ. கட்டுவதை மட்டும் தானாக நிறுத்திவிடக் கூடாது. வட்டி ஏறும், சிபில் மதிப்பெண் விழும், கிளப்புக்கு ஒரு நஷ்டமும் வராது.

பயணத்தில் பணம் ஒழுகுகிற மற்ற ஓட்டைகளும் உண்டு. ஒன்று போலி ஓட்டல் தளம். கூகுளில் முதலில் வருகிற எண்ணை அழைத்து, முன்பணம் ஜிபே பண்ணி, கொடைக்கானலில் போய் நின்றால் அப்படி ஒரு புக்கிங்கே இல்லை என்பார்கள். சுற்றுலாப் பயணிகளைக் குறிவைக்கும் இந்தப் போலித் தளங்கள் பற்றி மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் வெளிப்படையாகவே எச்சரித்தது. இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஓட்டல் வரவேற்பறையில் சண்டை போடுவதல்ல, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைப்பது. பரிவர்த்தனையின் 12 இலக்க யு.டி.ஆர். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நிமிடமே. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்பும். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. விடிந்ததும் அல்ல, அந்த நிமிடமே. காவல் நிலையத்தில் “கொடைக்கானல்ல நடந்தது, அங்க போங்க” என்றால் அது தவறான பதில். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வரக்கூடாது.

இன்னொன்று சாப்பாட்டு பில். ஜி.எஸ்.டி. வேறு, சர்வீஸ் சார்ஜ் வேறு. முன்னது வரி, கட்டித்தான் ஆகவேண்டும். பின்னது ஓட்டலே போட்டுக்கொள்வது. அதைக் கட்டாயமாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் சொன்னது. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்று தீர்ப்பளித்து, எதிர்த்து வழக்குப் போட்ட ஓட்டல் சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. மனைவி முன்னால் கணக்குப் பார்ப்பதா என்று கூச்சப்படாமல் “இதை எடுத்துட்டு பில் போடுங்க தம்பி” என்று சொன்னால் போதும். அதே சமயம், உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினார்கள் என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஓட்டல்கள் அப்படி வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

நிகழ்ச்சிகளுக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரி நடந்தது. டிக்கெட் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே நுழையவே முடியாமல் நெரிசலில் சிக்கித் திரும்பினார்கள். மறுநாள் ரகுமான், உள்ளே வரமுடியாதவர்கள் டிக்கெட் நகலோடு குறையை எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். பணம் கேட்க முதலில் வேண்டியிருந்தது டிக்கெட் நகல்தான். செல்போனில் வந்த க்யூ.ஆர். கோடுதானே என்று அழித்திருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். டிக்கெட்டை அழிக்கக் கூடாது. ரசீதைக் கிழிக்கக் கூடாது. சர்ப்ரைஸ் முடியும் வரை மறைத்து வைக்கலாம், கிழிக்கக் கூடாது.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர். விருதுநகர் மாவட்டத்துக்கான நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருப்பது இங்கேதான். ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆண்டாளைக் கும்பிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்புகிற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? “மதுரையில கையெழுத்துப் போட்டோம், கம்பெனி டெல்லியில இருக்கு, எங்க போய் அலையிறது” என்று விட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டியதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடப்புக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கிற ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. ஒப்பந்தத்தில் மத்தியஸ்தர் மூலம்தான் தீர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது. உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை உறுதி செய்திருக்கிறது.

செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கேட்கிற நஷ்ட ஈட்டை அல்ல, செலுத்திய தொகையை வைத்துத்தான் கணக்கு. வக்கீல் கட்டாயமில்லை, தானே வாதாடலாம். மனுவோடு நிகழ்வுகளின் தேதிவாரிப் பட்டியல், ஆவணங்களின் அட்டவணை, நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஆகியவை வேண்டும். எதிர்த்தரப்பினர் எத்தனை பேரோ அதற்கேற்பக் கூடுதல் நகல்களும் வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், மின்னஞ்சல் போன்றவற்றை அச்செடுத்து வைத்தால், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது. இ-ஜாக்ருதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காணொளி விசாரணையும் கேட்கலாம்.

மனுவில் ஒரு சொல்லில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒப்பந்தம் ‘நேர்மையற்ற ஒப்பந்தம்’ என்று எழுதினால், அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. அது மாநில ஆணையத்தின் வேலை. ‘சேவைக் குறைபாடு’, ‘நேர்மையற்ற வணிக நடைமுறை’ என்ற தலைப்புகளில் எழுதினால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே விசாரிக்கலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் புகார் சொல்லலாம். ஆனால் அது சமரசத்துக்கான வழி மட்டும். யாருக்கும் உத்தரவு போட அதற்கு அதிகாரம் இல்லை. அங்கே புகார் எண் வாங்கிவிட்டோமே என்று காத்திருந்து இரண்டு ஆண்டுக் கெடுவைக் கோட்டை விட்டுவிடக் கூடாது. ஆம், இரண்டு ஆண்டுதான். கிளப்காரர்கள் “அடுத்த மாதம் பார்க்கலாம் சார்” என்று இழுப்பதே இந்தக் கெடு கடக்கட்டும் என்றுதான்.

ஆணையத்திலும் எல்லாம் சட்டென்று நடந்துவிடாது. தலைவர், உறுப்பினர் பதவிகள் மாதக்கணக்கில் காலியாகக் கிடப்பதை உச்ச நீதிமன்றமே 2021-ல் தானாக முன்வந்து கையிலெடுத்துக் கண்டிக்க வேண்டியிருந்தது. சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. வாய்தாக்களோ அதைத் தாண்டி ஓடுகின்றன. இருந்தாலும் எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் பதில் தராவிட்டால் அதன் பிறகு பதில் ஏற்கப்படாது. உத்தரவை மதிக்காதவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இது தெரிந்தால் பேரம் பேச அவர்களே போன் செய்வார்கள். அப்போதும் பணம் வங்கியில் ஏறும் வரை வழக்கைத் திரும்பப் பெறக் கூடாது.

அனுப்பிய கடிதம் ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே ஆவணமாகக் கொடுக்க வேண்டும். அந்த இரவு ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டிருந்தால், மனுவிலும் இருவருமே புகார்தாரர்கள். ஒருவர் பெயரில் மட்டும் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே அதைப் பிடித்துக்கொள்வார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஜோடியாகவே போக வேண்டும், இருவர் ஆதாரோடும் கார்டு சீட்டின் மூலப் பிரதியோடும்.