கலைக்களஞ்சியத்தில் நம் பெண்கள் எங்கே?



ஒன்பதாம் தரத்தில் படிக்கும் மகளுக்குப் பாடசாலையில் ஓர் ஒப்படை கொடுத்துவிடுகிறார்கள். "உமது பிரதேசத்தில் சிறந்து விளங்கிய பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதுக" என்பது தலைப்பு. மகள் உடனே உங்கள் கைபேசியைக் கேட்பாள். முன்பென்றால் நூலகத்திற்குச் சென்று தடித்த கலைக்களஞ்சியத்தைப் புரட்ட வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இணையத்தில் இருக்கும் விக்கிப்பீடியாதான் கலைக்களஞ்சியம். கண்டி முஸ்லிம்கள் என்று தேடினால் அறிஞர் சித்தி லெப்பை வருவார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இந்த ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒராபி பாஷா வருவார். அமைச்சர்கள் வருவார்கள், அதிபர்கள் வருவார்கள். பெண்ணின் பெயரைத் தேடும்போதுதான் விரல் ஓய்ந்துபோகும்.

"இந்தக் கலைக்களஞ்சியங்கள் பெண்களை ஒதுக்குகின்றன" என்ற குற்றச்சாட்டு உலகமெங்கும் நெடுநாளாக இருக்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள வாழ்க்கை வரலாறுகளில் 2015 அளவில் நூற்றுக்குப் பதினைந்தோ பதினாறோதான் பெண்களுடையவை. அந்த ஆண்டில் தன்னார்வலர்கள் ஒன்றுகூடிப் பெண்களைப் பற்றி எழுதத் தொடங்கினர். இத்தனை ஆண்டு உழைப்பிற்குப் பிறகு அந்த எண் நூற்றுக்கு இருபது என்ற அளவையே எட்டியிருக்கிறது. எழுதுவோரிலும் பெண்கள் குறைவு. 2010ஆம் ஆண்டு ஆய்வொன்று நூற்றுக்குப் பதின்மூன்று பேர்கூட இல்லை என்று கூறியது.

2018இல் நடந்ததைக் கேளுங்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற பெண்மணிக்கு அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் திகதி பௌதிகத்திற்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அப்பரிசைப் பெற்ற பெண் அவர். அன்று காலை வரை விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதிக் கொடுத்ததைப் போதிய சான்று இல்லையென்று திருப்பியிருந்தார்கள். அதே கண்டுபிடிப்பிற்காக அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரார்ட் மொரு என்ற ஆணுக்கோ 2005ஆம் ஆண்டிலிருந்தே கட்டுரை இருந்தது!

2013இல் இன்னொரு வேடிக்கை. அமெரிக்க நாவலாசிரியர்கள் என்ற பட்டியலிலிருந்து பெண்களை எடுத்து, 'பெண் நாவலாசிரியர்கள்' என்ற தனிப்பட்டியலுக்கு மாற்றத் தொடங்கினார்கள். ஆண்கள் எழுதினால் நாவலாசிரியர், பெண்கள் எழுதினால் பெண் நாவலாசிரியர். நம் பத்திரிகைகளும் இதைத்தானே செய்கின்றன!

இந்த நோய் இணையத்தோடு பிறந்ததும் அல்ல. 1771இல் முற்றுப்பெற்ற பிரித்தானிக்காக் கலைக்களஞ்சியத்தின் முதற் பதிப்பில், பெண் என்ற சொல்லுக்கு ஆணின் பெண்பால் என்ற அளவில் விளக்கம் சொல்லிவிட்டு, மனிதனைப் பற்றிய பகுதியைப் பார்க்கும்படி அனுப்பிவிட்டார்கள்.

ஆனாலும் குற்றம் முழுவதையும் விக்கிப்பீடியாவின் தலையில் கட்டுவது நீதியாகாது. அங்கே ஒரு விதி உண்டு. எதை எழுதினாலும் அதற்கு ஏற்கெனவே வெளியிடப்பட்ட நம்பகமான சான்று வேண்டும். அந்தச் சான்றும் சம்பந்தப்பட்டவரோ அவர் வீட்டாரோ எழுதியதாக இருக்கக்கூடாது. ஹதீஸ் கலை படித்தவனுக்கு இந்த விதி புதுமையாகத் தெரியாது. ஸனத் இல்லாத செய்தியை நாமும் ஏற்பதில்லை அல்லவா? ஆகவே விதி சரி. நம் பெண்களைப் பற்றி ஸனத் வைக்க யாரும் இருக்கவில்லை என்பதுதான் கோளாறு. பத்திரிகை எழுதவில்லை, அதனால் சான்று இல்லை. சான்று இல்லை, அதனால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாததைப் பார்க்கும் பிள்ளை, அப்படி ஒருவரும் இருக்கவில்லை என்று முடிவு செய்துவிடுகிறது.

சித்தி லெப்பை அவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியவர், 1885இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்டவர், கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர். இவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் வாங்கில் உட்கார்ந்த சிறுமிகளின் பெயர்களைச் சொல்லுங்கள் பார்ப்போம். அக்காலத்தில் மகளைப் படிக்க அனுப்பத் துணிந்த உம்மாமார் யார் யார்?

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை என்பதுதான் எனக்கு வேதனை. ஹிஜ்ரி 230இல் மறைந்த இப்னு ஸஃத் (ரஹ்) தமது தபகாத்தின் கடைசிப் பகுதியை முழுவதுமாகப் பெண்களுக்கே ஒதுக்கி, அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பதிந்தார்கள். இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) ஸஹாபாக்களைப் பற்றித் தொகுத்த இஸாபாவில் சுமார் 1,500 பெண்கள். அவர்களுடைய மாணவர் ஸகாவீ (ரஹ்) தம் நூற்றாண்டு மக்களைப் பற்றி எழுதிய நூலின் பன்னிரண்டாம் பாகத்தில் 1,075 பெண்கள். இவர்களும் பெண்களைத் தனிப் பாகத்தில்தான் வைத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். வைத்தார்கள், விட்டுவிடவில்லை. நம் காலத்தில் இந்திய ஆலிம் முஹம்மது அக்ரம் நத்வி, ஹதீஸ் அறிவித்த பெண்களைத் தேடத் தொடங்கியபோது சில பத்துப் பெயர்கள்தான் கிடைக்கும் என்று எண்ணினாராம். 2021இல் அது 43 பாகங்களாக வெளிவந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் பெண்கள்! முன்னோர் எழுதி வைத்ததால் அவர் கண்டெடுத்தார்.

நம் பக்கத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கட்டுகஸ்தோட்டைக்கு அருகில் உடத்தலவின்னை மடிகேயில் இருந்துகொண்டு, மர்ஹூம் பீ.எம். புன்னியாமீன் சிந்தனை வட்டம் என்ற பெயரில் நூல்களை வெளியிட்டார். இலங்கை எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்கள் பற்றிய விபரத்திரட்டைப் பல தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அதில் பெண்களும் இடம்பெற்றார்கள். அவருடைய துணைவியார் மஸீதா புன்னியாமீனும் எழுத்தாளர். 2003இல் ஆரம்பமான தமிழ் விக்கிப்பீடியாவிலும் புன்னியாமீன் ஊக்கத்தோடு எழுதினார். 2016இல் அவர் வபாத்தானார். அந்தத் தொகுதிகளோ இன்றும் சான்றாக நிற்கின்றன. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள்.

"பெண்ணின் பெயர் வெளியே போகலாமா?" என்று சில வீடுகளில் கேட்பார்கள். நம் கலியாணக் கார்டுகளில்கூட மணமகளின் வாப்பா பெயர் இருக்கும், உம்மா 'திருமதி' என்ற சொல்லுக்குள் மறைந்துபோவார். மனிதர்களில் தங்களுக்கு மிகவும் பிரியமானவர் யார் என்று அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) கேட்டபோது, "ஆயிஷா" என்று நபி (ஸல்) அவர்கள் பெயர் சொல்லியே பதிலளித்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

எல்லோருக்கும் கலைக்களஞ்சியத்தில் இடம் கிடைக்காது, கிடைக்கவும் தேவையில்லை. ஆனால் முதன்முதலாக ஓர் ஊரின் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியை, நூல் எழுதியவர், மருத்துவம் படித்து ஊருக்குத் திரும்பியவர் ஆகியோர் இடம்பெற வேண்டியவர்களே. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அதிகம் பள்ளி சென்றவர் அல்லர். 1938இல் 'காதலா கடமையா' நாவலை அச்சேற்றியதால் இன்றும் அவரைத் தேடிப் படிக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. ஊரில் ஓர் ஆசிரியை இளைப்பாறினால், பிரியாவிடையில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். பிறந்த ஆண்டு, படித்த இடம், கற்பித்த பாடசாலைகள், செய்த பணி எல்லாவற்றையும் கேட்டெழுதிப் பாடசாலை மலரிலோ பத்திரிகையிலோ வரச் செய்யுங்கள். அச்சானதில் ஒரு பிரதியைக் கண்டி டி.எஸ். சேனாநாயக்க பொது நூலகத்திற்குக் கொடுங்கள். பிறகு கணினி தெரிந்த உங்கள் மகள் விக்கிப்பீடியாவில் எழுதலாம். அதற்குச் சொந்தப் பெயரோ படமோ கொடுக்க வேண்டியதில்லை, புனைபெயரே போதும். சொந்த உம்மாவைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம், அங்கே அதை விரும்பமாட்டார்கள். அடுத்த வீட்டு உம்மாவைப் பற்றி உங்கள் மகள் எழுதட்டும், உங்களைப் பற்றி எழுத வேண்டியிருந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை எழுதும்.

பரணில் இருக்கும் பழைய பாடசாலை மலர்களைப் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துக் கொடுக்குமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வகுப்புப் படங்களில் இருப்பவர்களின் பெயர்களை மூத்தம்மாவிடம் இப்போதே கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை நாளடைவில் முன்பக்கத்திற்கு ஊறிவிடும்.